மூணு நாள் சூட்டுக்கு எத்தனை யூனிட்?

ஏண்ணே, உங்க மீட்டர் தானா ஓடுதா, இல்ல அதை யாராவது துரத்துறாங்களா? மூணு நாளைக்கு நாப்பது யூனிட்டுன்னு நான் கணக்குப் போட்டு வெச்சா, இது அறுபத்திரெண்டு காட்டுது. ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாமேண்ணே அதுல.

நீங்க சோதிக்கிறதைச் சோதிங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். உங்க கரண்ட் ஆபீசுக்குப் புகார் எழுதினதே நான்தான். மூணு பக்கம். மீட்டருக்கு மனசாட்சி இல்லைன்னு எழுதியிருந்தேன், மேனேஜர் அந்த வரியை மட்டும் அடிச்சிட்டார்.

இதோ, பீரோ மாதிரி நிக்குதே, இதுதான் சூட்டுப்பெட்டி. ரயில் சிக்னலை சிவப்புலேருந்து பச்சைக்கு மாத்துற ரிலே இருக்கில்ல... செங்கல் அளவு இருக்கும்... அதை இதுக்குள்ள வெச்சு எழுபது டிகிரில மூணு நாள் வாட்டணும். அதுக்கப்புறமும் டக்குன்னு மாறினாத்தான் பாஸ். இப்ப எங்க கம்பெனிக்கு இருநூறு ரிலே சோதிக்கிற ஆர்டர் ஒண்ணு வர்ற மாதிரி இருக்கு. அதுக்கு எவ்வளவு கரண்ட் ஆகும்னு மதிப்புப் போடுற வேலையை மேனேஜர் என் தலையில கட்டிட்டார். பெட்டியை மூணு நாள் காலியா ஓட்டிப் பாத்துச் சொல்லும்மான்னார்.

எனக்குப் பெருமை தாங்கல. ஊர்ப் பள்ளிக்கூடத்துல கணக்குல நான்தான் முதல். வகுப்புல மொத்தம் நாலே பேரு, அதுல ஒருத்தன் வரவே மாட்டான், அது வேற விஷயம்.

போன தடவை விலை கூடிப்போய் ஆர்டர் பக்கத்துத் தெரு கம்பெனிக்குப் போயிடுச்சு. இதுவும் போனா இந்த ரூமையே பூட்டிடுவேன்னு சொல்லிட்டார். ரூமைப் பூட்டினா நான் எங்கண்ணே உக்கார்றது? அஞ்சு மணிக்குள்ள விலை அனுப்பணும். மீட்டர் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, நான் பழைய நாப்பதையே போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவேன்.

என்னது, சரியா இருக்கா? நீங்க கொண்டாந்த சோதனைப் பெட்டியும் அதையேதான் காட்டுதா? எதுக்கும் உங்களுதையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்.

அப்ப வேற யாரோதான் இழுத்திருக்கணும். ஆனா யாரு? வாட்ச்மேன் போன் சார்ஜ் போட வந்ததைக்கூட நான் கண்கொத்திப் பாம்பா நின்னு விரட்டிட்டேன். ஃபேனைப் போடாம மூணு நாளும் வேர்க்க விறுவிறுக்க உக்காந்திருந்தேன். அப்பேர்ப்பட்ட சிக்கனம். கதவா? அடிக்கடியெல்லாம் திறக்கலண்ணே. மணிக்கு ஒரு தடவைதான். திருப்பிப் போடணுமில்ல.

துணியைத்தான்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஒரு வாரமா விடாத மழை. வீட்டுல எட்டு மாசக் கைக்குழந்தை. நாளைக்கு இருபது துணி நனைக்குறா. கொடி கட்ட இடமில்லாம எங்க மாமியார் என் கழுத்தையே ஒரு மாதிரி பாத்துட்டிருக்காங்க. இங்க வந்தா, இவ்வளவு பெரிய பெட்டி, காலியா, சும்மா காயுது. வீணாப் போற சூடுதானேன்னு மூணு நாளும் ஒரு பை துணி கொண்டாந்து உலர்த்தினேன். மொறமொறன்னு காஞ்சுதுண்ணே. எம் மூளையை நானே மெச்சிக்கிட்டு வீட்டுக்காரர்கிட்ட பீத்திக்கிட்டேன் வேற.

நீங்க எதுக்குப் பெட்டியையும் மீட்டரையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க... ஈரத்தைக் காய வைக்கவும் கரண்ட் ஆகுமா? கதவைத் திறக்கத் திறக்க உள்ள சூடு இறங்கி, மறுபடி ஏத்தும்... ஆமா. ஆமால்ல.

போச்சு. சிக்னலுக்கு மதிப்புப் போடச் சொன்னா, எம் பொண்ணோட ஈரத்துணிக்குப் போட்டிருக்கேன்.

இப்ப நாப்பதுன்னும் எழுத முடியாது, அது பெட்டில ஒட்டியிருக்கிற சீட்டைப் பாத்துப் போட்டது. குறைச்சுப் போட்டு ஆர்டர் வந்தா, ஒவ்வொரு தடவையும் கைநட்டம். நிஜமாவே காலியா இன்னும் மூணு நாள் ஓட்டினாத்தான் தெரியும். அதுக்கு மேனேஜர் ஆர்டர் குடுக்குறவங்ககிட்ட தவணை கேக்கணும். எதுக்குத் தவணைன்னு என்னைக் கேப்பார். நான் வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகணும்.

அண்ணே, அண்ணே, பையை மூடாதீங்க. ஒரே ஒரு உதவி. மீட்டர் சரியா இருக்குன்னு முதல்ல நீங்க உள்ள வந்து மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. அப்புறம் துணி விஷயத்தை நான் சொல்றேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும், தயவுசெஞ்சு, சிரிக்காம என் பக்கத்துல நில்லுங்கண்ணே.