முப்பது டெராபைட் இடம்

பதிவு செய்வதாக இருந்தால் அந்த ஃபேனை நிறுத்திவிடுங்க, மேடம். குரல் மேல் காற்றுச் சத்தம் விழுந்தால் பிறகு கேட்க நன்றாயிருக்காது. பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெற்றோருக்கான கம்பெனி எங்களுடையது. வீட்டில் ஒரு கருவி வைப்போம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் எங்களில் ஒருவர் பேசுவோம், ஒரு நாளைக்கு நான்கு நிமிடம். சிவப்பை அழுத்தினால் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, அது வாசலுக்கு வரும்வரை பேசுவோம். எல்லாப் பேச்சும் காந்த நாடாவில் ஏறும். உள்ளங்கை அளவு கேசட்தான். உள்ளே ஒரு கிலோமீட்டர் நாடா.

நான் சேர்ந்தபோது ஒரு கேசட் இரண்டரை டெராபைட் கொண்டது. அப்புறம் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. போன தை மாதம் முப்பது வந்தது. முதலாளி ரங்கராஜ் சார் அதற்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சை நசுக்கி, மைக் பிடித்தார்: "இனி நம்ம பெரியவங்க பேசற ஒரு வார்த்தைகூட வீணாப் போகாதுங்க."

கைதட்டினோம். பிறகு நான் கணக்குப் போட்டேன். அறுநூறு வீடு, தினம் ஆளுக்கு நான்கு நிமிடம். அந்த ஒரு கேசட் நிரம்ப எழுபது வருஷம் ஆகும். நான்கைப் பத்தாக்கலாமே என்று சாரிடம் கேட்டேன்.

"பேச உட்டா பேசீட்டே இருப்பாங்கப்பா" என்றார்.

அந்தப் பதிவுகளை யாரும் கேட்டதில்லை. நான் கேட்பேன். நாடாவில் சரியாக ஏறியதா என்று மாதிரிக்கு ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது விதி. நான் எப்போதும் ராமாமணி அம்மாவை எடுப்பேன். சூலூரில் தனி வீடு. மகன் யஷ்வந்த் டல்லாஸில். தினமும் மூன்று மணிக்குப் பச்சை, என் லைனுக்கு.

"ஏங் கண்ணு, சோறு உண்டயா?"

"லெமன் சாதமுங்கம்மா."

"அதெல்லாம் ஒரு சோறா?"

காந்திபுரத்தில் லாட்ஜ் அறையில் எட்டு வருஷமாக இருக்கிறேன். என்னிடம் இதைக் கேட்க வேறு ஆளில்லை. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் லைன் அறுந்துவிடும்.

போன மாதம், "பையன் டிக்கெட் எடுத்துப்போட்டான் கண்ணு, அங்க போனா நா யார்கிட்டப் பேசறது?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிவப்பு. நெஞ்சை அமுக்குவதாகச் சொன்னார். எங்கள் ஆம்புலன்ஸ் சூலூருக்குப் பதினோரு நிமிடத்தில் போய்விடும். அப்படியென்றால் பேச்சும் பதினோரு நிமிடம்தான். நாடாவில் அவ்வளவு இடம் சும்மா கிடந்தது.

"வண்டி பொறப்பட்டுருச்சா கண்ணு?"

"வந்துட்டே இருக்குதுங்கம்மா. நீங்க பேசுங்க."

பேசினார். கல்யாணத்தன்று பந்தல் சரிந்தது, தறி ஓடினால்தான் யஷ்வந்த் தூங்குவான் என்பது, எல்லாம். இருபதாவது நிமிடத்தில், வாசலில் சத்தமே இல்லையே என்றார். சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கிறது என்றேன்.

"பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க" என்றார்.

மொத்தம் ஒரு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். யஷ்வந்த் சார் அந்தப் பதிவு வேண்டும் என்றார். முக்கியமானதை மட்டும் வெட்டி அனுப்பச் சொன்னார். வெட்ட மனம் வரவில்லை, முழுதையும் அனுப்பினேன். இன்று இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அவர் முழுதையும் கேட்டிருக்கிறார். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆம்புலன்ஸை நான் அனுப்பவே இல்லை. எழுதிக்கொள்ளுங்க. ஆனால் அந்த அம்மா தனியாகச் செத்துப்போனார் என்று மட்டும் எழுதாதீங்க. முதல் ஐம்பது நிமிடம் அவர் பேசினார். மீதி முழுக்க நான் பேசினேன்: அறையைப் பற்றி, மெஸ் சாப்பாட்டைப் பற்றி, ஜன்னலுக்குக் கீழே போகும் டவுன் பஸ்களைப் பற்றி. குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். அவ்வளவு பொறுமையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லைங்க, மேடம்.