இலையை மறைக்கக் கையில்லாத நுரையீரல்

விழாத் தலைவர் கோவிந்தராஜன் அவர்களே, பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தலைமை அறுவை மருத்துவர் வைத்தீஸ்வரன் அவர்களே, கல்கத்தா லேக் மார்க்கெட்டின் தமிழ்ப் பெரியோர்களே, விருந்துண்ட களைப்பிலும் விழித்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நன்றி கூற என்னை அழைத்தார்கள். ஆண்டுதோறும் அழைக்கிறார்கள். மாலை அவருக்கு, மைக்கின் மிச்சம் எனக்கு. அவர் நெஞ்சைத் திறக்கிறார். திறந்த நெஞ்சுக்குள் உயிர் தங்க, தலைமாட்டில் அமர்ந்து ரப்பர்ப் பையை அழுத்தி மூச்சுக் கொடுப்பவன் நான். மயக்க மருத்துவன். மயங்கியவர்கள் யாரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்? சிரியுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

இன்று பந்தியில் பட்டாபிராமன் பாயச வாளியோடு வந்தார். "போதும் ஓய்" என்று இரு கைகளாலும் இலையை மறைத்தேன். "டாக்டர் சார், கல்கத்தாவிலே எங்களை விட்டா யார் உமக்கு ஊத்தப்போறா?" என்று விரலிடுக்கில் ஊற்றினார். அதோ, பின்வரிசையில் எழுந்து கும்பிடுகிறார். உட்காரும் ஐயா, உம் அன்பு இன்னும் என் சட்டையில் ஒட்டியிருக்கிறது!

அன்பர்களே, அதே அன்புதான் ஆபரேஷன் அறையையும் ஆள்கிறது. இடது நெஞ்சைத் திறக்கும்போது இடது நுரையீரலை ஓயவைக்கிறோம். வலது ஒன்றே உயிரைச் சுமக்கிறது. இருவருக்கான சோற்றை ஒருவர் இலையில் கொட்டலாமா? சிறுகச் சிறுக ஊத வேண்டாமா? மூச்சு வெளியேறும்போது முழுவதும் சுருங்கிவிடாதபடி சற்றே காற்றை உள்ளே நிறுத்திவைக்க வேண்டாமா? போதும் என்று தடுக்க அந்த நுரையீரலுக்குக் கை ஏது? வாய் ஏது?

இப்படிச் சொன்னதற்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? "கிப்டே டாக்டர்!" வங்காளி நர்ஸுகள் அழைக்கும் பெயர். கஞ்ச வைத்தியன் என்று பொருள். அதற்கு அடியெடுத்துக் கொடுத்தவர் இந்த மேடையிலேயே இருக்கிறார்.

கரியாஹாட் டிராமில் டிக்கெட் கொடுத்த அர்ஜுனனை நினைவிருக்கிறதா? சென்ற மழைக்காலத்தில் அவருக்கு இடது நெஞ்சில் கட்டி, அறுவை சிகிச்சை. "நிறைய ஊதுங்க சார், காத்துக்குமா கஞ்சத்தனம்?" என்றார் தலைமை மருத்துவர். மறுத்தேன். என்னை நகர்த்தினார், தாராளமாக ஊதும் வேறொரு கையை என் இடத்தில் அமர்த்தினார். கட்டி வெளியே வந்தது, கைதட்டலும் வந்தது. சில நாளில், நன்றாயிருந்த வலது நுரையீரல் நீர் கோத்து, நனைந்த பஞ்சாய்க் கனத்து, நின்றுபோனது; அர்ஜுனனும் போய்விட்டார். விதி என்றார்கள். விதியா அது? கத்தி பட்ட இடம் ஆறிக்கொண்டிருந்தது ஐயா. காற்று பட்ட இடம்தான் ஆறவில்லை!

விழா நாளில் இதை ஏன் சொல்கிறேன்? வயிற்றெரிச்சலா? அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரும் வியாழக்கிழமை அதே மேசையில் படுக்கப்போகிறவர் நம் காப்பிப்பொடிக் கடை சிவலிங்கம். அவர் மனைவி பாகீரதி அம்மாள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்.

தலைமை மருத்துவரே, உங்கள் கத்தியின் நுட்பத்துக்கு நான் என்றும் தலைவணங்குபவன். எனக்குப் பொன்னாடை வேண்டாம், புகழுரை வேண்டாம், பூச்செண்டு வேண்டாம். வியாழனன்று மூச்சின் அளவை என்னிடம் விட்டுவிடுங்கள். அறைக்குள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அதனால்தான் அவையில் கேட்கிறேன்.

என்னம்மா? எழுந்துவிட்டீர்களே! உரக்கச் சொல்லுங்கள்.

"ஐயா, அவருக்கு நீங்களே ஊதுங்க. கொஞ்சமாவே ஊதுங்க."

கேட்டீர்களா, மருத்துவரே? தலையாட்டுகிறார். தலையாட்டல் நான் நிறையப் பார்த்தவன். இந்தாருங்கள் மைக்.

"சரி சார். பையை நீங்களே பிடிங்க. நான் வாயைத் திறக்கலை, போதுமா?"

போதும்! சபையோரே, இப்போது கைதட்டாதீர்கள். சிவலிங்கம் திரும்பி வரட்டும். கடையைத் திறந்து, கொட்டை வறுத்து, அந்த மணத்தைத் தன் மூச்சால் தானே இழுக்கட்டும். அன்று தட்டுங்கள், இந்தத் தெரு அதிரத் தட்டுங்கள்!

இத்தனை ஆண்டுகள் கடமைக்காக நன்றி சொன்னேன். இன்று மனதாரச் சொல்கிறேன். வாக்களித்த மருத்துவருக்கு நன்றி. எழுந்து நின்ற தாய்க்கு நன்றி. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பட்டாபிராமன், காப்பி எனக்கு அரை டம்ளர்தான். வணக்கம்.