ஏழாவது தக்கைச் சட்டை

இலவம் பஞ்சு அடைத்துத் தைக்கிறவர்களுக்கு வாரக்கணக்கில் தும்மல் நிற்காது, சாமி. நான் மூக்கை உறிஞ்சினால் அழுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்வதை நீங்கள் வெளியே சொல்லக்கூடாது. உபதேசியார் நடத்திய பாடத்தில் அது ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்தீர்கள். பங்கிராசுக்கும் ஞானசெல்விக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரையே கேட்டீர்கள். ஊர் இருமியது. பெண்ணைக் கேட்கிற வரி ஓலையில் இல்லை. இருந்தால் பூசைக்கு நேரமாகிவிடும். எனக்குப் பதினாறு வயது. அவர் நாற்பதைத் தொடுகிறவர், ஒரு பெண்டாட்டியைப் புதைத்தவர். அடித்தே கொன்றாராம் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் அம்மையநாயக்கனூரில் ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளியவர். ஏலத்தோட்டத் துரை, அணைத் தண்ணீரில் உல்லாசமாகச் சுற்ற ஒரு நீராவிப் படகு வாங்கி, அதை ஓட்ட இவரைக் கூட்டிவந்தார். பாதுகாப்பில் துரை கெட்டிக்காரர். தீ அணைக்க மணல் வாளி, தண்ணீர் இறைக்க மர வாளி, ஊதல், விளக்கு, கயிற்றுச் சுருள், விழுந்தால் மிதக்கத் தக்கைச் சட்டை என்று எல்லாம் இருந்தது. வாளிகளுக்குச் சிவப்புச் சாயம் வேறு. ஓட்டுகிறவருக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதற்குச் சாயம் அடிக்க முடியாதல்லவா.

"தக்கச் சட்ட இருக்கையில நீச்சல் எதுக்கு புள்ள?" என்று பங்கிராஸ் எங்கள் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டே சிரித்தார். அணை கட்டியபோது முழுகிப்போன மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. அதில் படகு முட்டி இரண்டு தடவை விழுந்தாராம். சட்டைதான் தூக்கிப் பிடித்ததாம். இதை அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

போன மழையில் எலிகள் அந்தச் சட்டைகளின் தக்கையைக் கொறித்துவிட்டன. தக்கைக்குப் பதிலாகப் போடியிலிருந்து இலவம் பஞ்சு வரவழைத்து, தைத்துத் தரச்சொல்லி ஏழு சட்டைகளையும் மெத்தை தைக்கிற எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு துரை வீட்டாருக்கு. ஏழாவது பங்கிராசுக்கு. அவர் அகலத்துக்குத் தனி அளவு.

இலவம் தண்ணீரை வாங்காது. பருத்தி குடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் மெத்தை தைக்கிற எவளுக்கும் அது தெரியும். ரயில்காரருக்குத் தெரியாது. ஆறு சட்டையில் இலவம் அடைத்தேன். ஏழாவதில் பருத்தி. கூடவே கொஞ்சம் வாய்க்கால் மணல், பழைய தக்கையின் கனம் வேண்டாமா? துரையின் ஆள் வந்து எண்ணிப் பார்த்தான். ஏழும் இருந்தன. பாதுகாப்பு முடிந்தது.

அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை. தண்ணீருக்குள் மரங்களை நானா நட்டேன்?

நேற்று நான் களையெடுத்துவிட்டு வந்தபோது வீட்டில் தம்பி சூசைமுத்து இல்லை. படகைப் பார்க்கணும் என்று அடம்பிடித்தானாம். "வரப்போற மருமகன்தான் கூட்டிட்டுப் போனாக" என்றாள் அம்மா. ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிவரலாம் என்று அணைக்கு மலையேறுகிற லோயர் கேம்ப் வரைக்கும் போனேன். என்ன காரணம் சொல்வது என்று அங்கே நின்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சட்டை அவருடையதுதானே என்று திரும்பிவிட்டேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். காலையில் அவனை அடக்கம் செய்தவர் நீங்கள்தான். படகு மரத்தில் மோதிப் பிளந்ததும் துரை வீட்டார் ஆறு பேரும் வாத்துக்கூட்டம் போல மிதந்தார்கள். தையல் உறுதி என்று துரைசானி மெச்சினாராம். பங்கிராஸ் தன் சட்டையைக் கழற்றித் தம்பிக்கு மாட்டியிருக்கிறார். கழன்றுவிடக்கூடாதென்று மூன்று முடிச்சு. அவர் அந்தச் சிவப்பு மர வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். "நல்லாத்தானே கட்டுனேன் ஆத்தா. அவுறவே இல்லையே" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். என்னைப் பார்த்து, "மகன் போன வீட்டுக்கு இனி இவுகதான். நாளைக்கு மூணாவது ஓலைய நிப்பாட்ட வேணாம்னு சாமிகிட்டச் சொல்லிட்டு வா" என்றாள்.

சொல்லிவிட்டேன். ஆனால் நாளைக்கு அதை வாசிக்காதீர்கள், சாமி. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்.

நான் அவருக்காகத்தான் தைத்தேன். சூசைமுத்து வாய்க்காலிலேயே வளர்ந்தவன். சும்மா விட்டிருந்தால் துரைக்கு முன்னால் கரையேறி நின்று சிரித்திருப்பான். நீந்தத் தெரிந்த பிள்ளைக்குப் போய் யாராவது அதைக் கட்டுவார்களா? கேட்க வேண்டாமா ஒரு வார்த்தை? ஒரு பிள்ளையின் உயிரை இப்படி வாங்கியவரை நான் எப்படிக் கட்டிக்கொள்வது?