சிவப்புத் துணி கட்டிய கழி

கூடாரம் அடிப்பதில் பலரும் செய்கிற தப்பு, முதலில் நிழலைத் தேடுவது. தரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஐயா. நிழல் மதியத்துக்குள் நகர்ந்துவிடும், மேடுபள்ளம் நகராது. குடும்பத்தோடு நீங்கள் எங்கேயாவது போனால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் போடுகிறவன். எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த டிரைவர் எப்போது சாப்பிடுவார் என்பதெல்லாம் என் மேசையில்தான் முடிவாகும். எங்கள் ஏரிப் பயணத்துக்கும் அந்தப் புத்தியைத்தான் கொண்டுபோனேன். நான், என் தங்கை, மாப்பிள்ளை, மூன்றே பேர். கல்யாணமாகாதவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வருஷத்துக்கு ஒரு தடவை, காட்டுக்குள் இருக்கிற அந்த ஏரிக்கரை. அடுப்பு எங்கே மூட்டுவது, விறகு யார் பொறுக்குவது எல்லாம் நான் சொல்வதுதான். மாப்பிள்ளை மட்டும் தங்கையிடம், "டிப்போ விசில் அடிச்சாச்சு, எழுந்திரு" என்று கிண்டல் பண்ணுவார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த ஏரியில் கொஞ்ச தூரம் மணல், இடுப்பளவுத் தண்ணீர். அப்புறம் திடுதிப்பென்று பள்ளம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் போனதும் முதல் வேலையாக, ஒரு கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே போய், மணல் முடிவதற்கு முன்னாலேயே அதை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டுவேன். துணியைத் தாண்டக் கூடாது. தங்கை கரையோரம் கால் நனைப்பதோடு சரி. மாப்பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் உயிர், ஆனால் நீச்சல் தெரியாது. துணியைப் பார்க்காமல் இறங்கவே மாட்டார்.

இந்த வருஷம் தங்கை, "வேணாம்ணா. அவருக்கு முதுகுவலி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். நம்பினேன். அவருக்குத் தைலம்கூட வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷத்துக்காவது நம் இடத்தை இப்போதே சொல்லி வைப்போம் என்று முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"உங்க தங்கச்சி வர்ற சனிக்கிழமைக்கே போட்டுட்டாங்களே சார். ரெண்டு பேர்" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. உடனே, "அடடா, உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. வாய் தவறிடுச்சு" என்றார்.

பரவாயில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். வலித்தது, ஐயா. மறைக்க என்ன இருக்கிறது? நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம்கூட வரவில்லை. அன்று மாலை வண்டிகளுக்கெல்லாம் ஒரு பிழையில்லாமல் நேரம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்துத் தங்கையே கூப்பிட்டாள். "அண்ணா, எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு அந்த ஏரிக்குப் போறாளாம். போன வருஷம் நீ நட்ட கழி இன்னும் இருக்குமா?"

"இருக்கும்மா. துணி வரைக்கும் தைரியமா போகலாம்னு சொல்லு."

நான் வேண்டாம், என் கழி மட்டும் வேண்டும். கறிவேப்பிலையைக்கூடக் குழம்பில் போட்ட பிறகுதான் எடுத்து எறிவார்கள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஏரிக்குப் போனேன். பழைய துணி வெளுத்துப் போயிருந்தது, புதிதாகக் கட்டினேன். கழியையும் கொஞ்சம் தள்ளி நட்டேன். அந்த ஆழத்துக்குப் பழைய கழி எட்டாது என்பதால் நீளமான மூங்கில் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

மறுநாள் மரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூடாரத்தைச் சரிவில் அடித்திருந்தார்கள். ஓடிப்போய்ப் பிடுங்கி ஒழுங்காக அடிக்க வேண்டும் போலக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு மாப்பிள்ளை தண்ணீரில் இறங்கினார். தங்கை, "பாத்துங்க" என்றாள்.

"உங்கண்ணன் நட்டது. டிப்போ நேரம் தப்பினாலும் இது தப்பாது" என்றார். ஏரிக்கரையில் பேச்சு தெளிவாகக் கேட்கும். "பாவம், அடுத்த தடவை அவரையும் கூப்பிடலாம்" என்றும் சொன்னார். காலம் கடந்து சொன்னார். துணியைப் பார்த்தபடியே நடந்தார். அதைத் தொடவில்லை.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு நீச்சல் தெரியும். காற்றடைத்த டியூப்கூடக் காரில் இருந்தது, அதை நான் எப்போதும் மறப்பதில்லை. ஆனால் கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். தங்கைதான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே பயந்தால் அவள் வாயில் அந்த ஒரு சொல்தான் வரும். அண்ணா, அண்ணா என்று, குரல் போகிற வரைக்கும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். இன்னும் ஒன்று, ஐயா. அடுத்த வருஷத்துக்கு அதே இடத்தைச் சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு பேர் என்றேன். தங்கையைப் பார்த்தால், கவலைப்பட வேண்டாம், எல்லாவற்றையும் அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லுங்கள்.