வானத்து அழுக்கு

"உங்க வானத்துல அழுக்கு ஜாஸ்தி சார். சொரண்டி எடுத்துட்டேன்."

காலை பாசஞ்சரில் எனக்கு எதிரே இருந்த ஸ்டூடியோக்காரர், இரவு வானத்தைப் படம் பிடித்த கண்ணாடி நெகட்டிவை நீட்டினார். வாங்கியவர் ஆம்பூர் பள்ளி வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தொலைநோக்கி வைத்திருப்பவர். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மங்கலா மூணு திட்டு இருந்துதே?"

"அதான் சார். கல்யாணப் பொண்ணு மூஞ்சில திட்டு இருந்தாலும் அப்டித்தான் எடுப்பேன். நட்சத்திரம் ஒண்ணையும் தொடல."

"அந்த மூணுதான்பா நமக்குப் பக்கத்துல இருக்கிற நட்சத்திர மண்டலங்க. ஒவ்வொண்ணுலயும் கோடி கோடி நட்சத்திரம். மூணு ராத்திரி உக்காந்து புடிச்சேன்."

வண்டி குடியாத்தம் தாண்டியது. பிறகு ஸ்டூடியோக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"சொரண்டுன தூளு மேஜை மேலயேதான் சார் இருக்கும். இன்னும் தொடைக்கல."