பழகின கை

ஒரே ஒரு ஊருல ஒரே ஒரு கம்புக்காரன் இருந்தானாம்னு இனிமே கதையாத்தான் சொல்லணும், கொழுந்தனாரே. தாராவியில அவன் கம்பு சுத்துனா காத்தே ஒதுங்கி வழி விடுமாம். அந்தக் கம்புக்காரன்தான் அந்தா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காவ, ஒங்க பூலோகண்ணன். அடிபட்டதுலேருந்து பேச்சு வராது. கண்ணு மட்டும் ஒங்க மேலயே நிக்கி, பாத்தீங்களா.

உக்காருங்க நயினாரு. சாயா குடிங்க. கலவரம் முடிஞ்சு இத்தன நாளாச்சு, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சிருக்கு. ஆரஞ்சு எதுக்கு? சரி, வைங்க.

எப்படி நடந்துச்சுன்னா கேக்கீங்க? கலவரத்துக்கு நடுவுல, பட்டப்பகல். தோல்ஷாப்புல வேல முடிச்சு வாராவ. நான் தெருமொனையில காய் வாங்கிக்கிட்டு நிக்கேன். மாரோ மாரோ, அடி அடின்னு இந்தியில ஒரே கூச்சல். திரும்பிப் பாத்தா, மூஞ்சியில துணி கட்டுன நாலு பேரு. இவுக முழங்கா ஒடைஞ்சு கெடக்காவ. அடுத்தது மண்டையில. ஈரத்தோலக் கல்லுல அடிச்சா ஒரு சத்தம் கேக்கும்லா, அது. கம்பு புடிக்கிற கைய மட்டும் கல்ல வச்சு நசுக்குதானுவ. நான் ஓடிப் போறதுக்குள்ள பல்லெல்லாம் மண்ணுல. குடிங்க, ஆறிப்போவுது. சோல்ஜர் லாரி சத்தம் கேட்டுத்தான் விட்டானுவ.

ஆஸ்பத்திரியில, ஒரு பக்கம் செத்துப்போச்சு, கெடத்தி வச்சுச் சோறூட்டுன்னுட்டாவ. நானா கெடத்துவேன்? தட்டுல பட்டாணியக் கொட்டுவேன். ஒண்ணாவது எடுத்தாத்தான் சோறு. வெரலு மடங்காது, அழுவாவ. அகப்பக் காம்பால அந்தக் கையிலயே போடுவேன். பாவம் பாத்தா கை வருமா? காலுக்கு, என் காலோட அவுக காலச் சீலத்துணியால கட்டிக்கிட்டு நடப்பேன். ரெண்டு பேரும் சேந்து விழுவோம். என் முன்பல்லு அப்படிப் போனதுதான். ஏசிக்கிட்டே எந்திரிச்சு மறுபடி கட்டுவேன். புருசன இவளே கொன்னுருவான்னு பக்கத்து வீட்டாளுவ பேசுனாளுவ. நல்லநாளு பொல்லாதநாளு கெடையாது, தெனமும்.

மொதல்ல ஒரு பட்டாணி வந்துச்சு. பொறவு டம்ளரு. பொறவு கையில கம்பக் குடுத்தேன். சுத்துவாவன்னு பாத்தா, குனிஞ்சு தரையத் தொட்டாவ. கும்பிட்டுட்டுத்தானே சிலம்பம் தொடங்குவீங்க, சரின்னு நின்னேன். ஆனா தொட்ட கையக் கண்ணுல ஒத்தல, பிடரியில தடவுனாவ. மறந்துட்டாவ போலன்னு கையப் புடிச்சுத் திருத்துனேன். தட்டிவிட்டுட்டாவ. திரும்பவும் தரை, பிடரி. பொறவு ஒடைஞ்ச முழங்காலக் காட்டுனாவ, மண்டையக் காட்டுனாவ. அப்பந்தான் எனக்கு ஒறைச்சுது. மூஞ்சிய மூடி, இந்தியில கத்திக்கிட்டு வந்தவன், பழக்கதோசத்துல தரையக் கும்பிட்டுட்டு அடிச்சிருக்கான்.

நம்ம சிலம்பக்கூடத்துல அப்படிப் பிடரியத் தடவிக் கும்பிடுறது யாரு கொழுந்தனாரே? கண்ணுல ஒத்துடா, கண்ணுல ஒத்துடான்னு ஒங்கள எத்தன மட்டம் ஏசிருக்காவ. ஊர்வலத்துல இவுக புடிச்ச மொதக் கம்பு இப்பம் ஒங்களுக்குத்தானாமே.

கதவப் பாக்காதீங்க. அவுக எந்திரிச்சு அங்கதான் நிக்காவ. இந்த எடத்துல நீளக் கம்பு சுத்தாதுன்னு ரெண்டு கட்டக்கம்பு வெட்டி வச்சிருக்கேன். ஒண்ணு ஒங்களுக்கு. வெறுங்கையோட நிக்கவன அடிக்க மாட்டாவ, அது ஒங்களுக்கே தெரியும். எடுத்துக்கிடுங்க. கும்பிட்டுட்டே தொடங்குங்க.

நான் வெளியில பூட்டிட்டுக் கடைப்பக்கம் போயிட்டு வாரேன்.