நல்ல ஊற்று

ஐயா, நீங்கள் ரிட்டயர் ஆனபின் தோட்டம் வாங்குவதாக இருந்தால், கிணற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மண் ஏமாற்றும், பட்டா ஏமாற்றும், கிணறு ஏமாற்றாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சோலையப்பன்தான். அந்த மரியாதை அவர்மேல் இன்னமும் உண்டு.

சமஸ்தானம் போய் திருச்சி ஜில்லாவோடு சேர்வதற்கு முன்பிருந்தே, வல்லத்திராக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் நான்தான் நிலத்தரகு. கரட்டுக்காட்டைக்கூடக் கரும்புக்கொல்லையாகப் பேசி முடிப்பேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், பிழைத்தேன். அப்புறம் சோலையப்பன் தரகுக்கு வந்தார். அவருக்குப் பேச வராது. சாயங்காலம் கமலை கட்டிக் கிணற்றை வற்ற இறைக்கச் சொல்வார். விடிந்ததும் தானே இறங்கி, இரவில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறவரிடம் வாயைத் திறப்பார். கிணற்றில் இறங்குவதற்கெல்லாமா தரகு என்று சிரித்தேன்.

கொஞ்ச நாளில், நான் காட்டும் நிலத்துக்கும் சோலையப்பன் இறங்கிப் பார்த்தாரா என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் மச்சினன் கொல்லை வாங்கப்போனபோது, என் மனைவி மீனம்மாளே சோறு போட்டுக்கொண்டு சொன்னாள்:

"எதுக்கும் சோலையப்பண்ணன ஒருக்கா எறங்கிப் பாக்கச் சொல்லுங்களேன்."

எனக்கு வயிறு எரிந்தது. உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு அந்தச் சோற்றை நான் தின்னவில்லை.

பிறகு அறந்தாங்கி கிபாயத்துல்லா ராவுத்தர் தோட்டம் கேட்டு வந்தார். விற்கிறவருக்கு நான் தரகு, ராவுத்தருக்குச் சோலையப்பன். கிணற்றை இறைத்து எல்லோரும் போனபின், நான் மட்டும் கடப்பாரையோடு திரும்பி வந்தேன். கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் ஒன்றை நெம்பி அசைத்துவிட்டு, ஆட்டம் தெரியாதபடி மண்ணை அப்பினேன். குறையை வெளியே தெரியாமல் வைப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

விடியலில் சோலையப்பனோடு நானும் போனேன். படியில் இறங்கியவர், அந்தக் கல்லோடு சேர்ந்து உள்ளே விழுந்தார். இடுப்பு ஒடிந்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியாமல், மார்பளவு தண்ணீரில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். நான் குனிந்து, ஊற்று எப்படி என்று கேட்டேன். அந்த நிலையிலும் மனிதர் தொழிலை விடவில்லை.

"நல்ல ஊத்துண்ணே. ராவுத்தர் தைரியமா வாங்கலாம். கயித்தப் போடுங்கண்ணே, தண்ணி ஏறுது."

கமலைக் கயிறு என் காலடியில்தான் கிடந்தது. நான் பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போனேன்.

ராவுத்தர் கேட்டது ஒன்றுதான்: சோலையப்பன் இறங்கிப் பார்த்தாரா? பார்த்தார், நல்ல ஊற்று, தைரியமாக வாங்கலாம் என்றார் என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் வெற்றிலை பாக்கை நீட்டினார். என் பேச்சை நம்பி யாரும் அவ்வளவு சீக்கிரம் வெற்றிலை மாற்றியதில்லை. மத்தியானம் நானே அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தேன். ஊற்று நிஜமாகவே நல்ல ஊற்று. அதற்குள் தண்ணீர் சோலையப்பன் தலைக்குமேல் ஏறியிருந்தது.

பொறாமையில் கொன்றதாக வாக்குமூலத்தில் எழுதுகிறீர்கள். கல்லை நெம்பியது நான்தான், கயிற்றைப் போடாததும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமைக்காரன் அடுத்தவன் சொல்லைத் திரிப்பான். நான் சோலையப்பன் சொன்னதை அப்படியே ராவுத்தரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கயிறு கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அது கிரயத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு.